யார்க்‌ஷயரின் மூன்று மலைகள், ஒரே நாள், தனியாக: முழுமையான வழிகாட்டி

வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவில் பெனிகெண்ட் (694 மீட்டர்), வெர்ன்சைட் (736 மீட்டர்), இங்கிள்பரோ (723 மீட்டர்) என்று மூன்று மலைகள் ஒன்றை ஒன்று பார்த்தபடி நிற்கின்றன. மூன்றின் உச்சியையும் ஒரே நாளில் தொட்டு, கிளம்பிய ஹார்ட்டன் கிராமத்துக்கே திரும்பி வருவதுதான் இந்த நடை. மொத்தம் சுமார் 38.5 கிலோமீட்டர், ஏற்றம் சுமார் 1,585 மீட்டர். 12 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது வழக்கம். 1887-ல் கிகிள்ஸ்விக் பள்ளி ஆசிரியர்கள் இருவர் 10 மணி நேரத்தில் முடித்ததிலிருந்து இந்தச் சுற்று பிரபலமானது.

உயரத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா? நம்ம ஊட்டி தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்" என்று நானும் நினைத்திருக்கிறேன். முதல் தடவை போனபோது பாதியில் ரயில் பிடித்துத் திரும்பினேன். இரண்டாவது தடவைதான் முடிந்தது. இடையில் கால் ஒன்றும் பெரிதாக வலுவாகிவிடவில்லை. கடிகாரத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். கூட நாலு பேர் இருந்தால், "டேய், லேட் ஆகுது, திரும்பலாம்" என்று யாராவது ஒருவர் சொல்வார். தனியாகப் போகிறவருக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை. அதனால் எந்த இடத்தில் எத்தனை மணிக்குத் திரும்புவது என்பதை வீட்டிலேயே தீர்மானித்துக்கொண்டு கிளம்ப வேண்டும். களைத்த மூளை மலையில் நின்று நல்ல முடிவு எடுக்காது.

எப்போது போவது

மே நடுப்பகுதியிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை. காரணம் வெளிச்சம். ஜூனில் காலை ஐந்து மணிக்கு முன்பே விடிந்து இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். டிசம்பர் பிற்பகுதியில் பகல் ஏழரை மணி நேரம்கூட இல்லை. நடைக்கே பன்னிரண்டு மணி நேரம் வேண்டும் என்றால், மிச்சத்தை இருட்டில்தான் நடக்க வேண்டும். முதல் தடவை தனியாகப் போகிறவருக்கு அது வேண்டாம்.

முடிந்தால் வார நாளில் போங்கள். கோடைச் சனிக்கிழமைகளில் நன்கொடை திரட்டும் கூட்டங்கள் வரிசையாக வரும். பெனிகெண்ட் பாறைப்படியில் திருப்பதி க்யூ போல நின்றுதான் ஏற வேண்டியிருக்கும். ஆனால் ஒன்று, முதல்முறை தனியாகப் போகிறவருக்குக் கூட்டமும் ஒரு பாதுகாப்புத்தான். நான் இரண்டாவது தடவை வேண்டுமென்றே சனிக்கிழமையில் போனேன்.

வானிலைக்கு இரண்டு நாள் முன்பிருந்தே பிரிட்டனின் வானிலைத் துறையான மெட் ஆபீஸின் மலை முன்னறிவிப்பைப் பாருங்கள். கீழே கிராமத்தில் என்ன வெயில் என்பதை வைத்து மேலே எதையும் முடிவு செய்ய முடியாது. நூற்றைம்பது மீட்டர் ஏறினால் ஏறக்குறைய ஒரு டிகிரி குறையும். காற்று அதைப் பல மடங்கு குளிராகக் காட்டும். உச்சியில் காற்று மணிக்கு 60 கிலோமீட்டரைத் தாண்டும் என்றாலோ, இடி மின்னல் என்றாலோ நான் தேதியை மாற்றிவிடுவேன். வெறும் மழைக்கு மாற்றினால் இங்கிலாந்தில் எந்த மலைக்கும் போக முடியாது.

நேரக் கணக்கு

மலை நடைக்கு 1892-லிருந்து புழங்கும் ஒரு கணக்கு உண்டு, நெய்ஸ்மித் விதி என்பார்கள். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். இந்தச் சுற்றுக்குப் போட்டால் நடைக்கு ஏழே முக்கால், ஏற்றத்துக்கு இரண்டரைக்குச் சற்று மேல், ஆக சுமார் பத்தரை மணி நேரம் வரும். சாப்பிட, சாக்ஸ் மாற்ற, போட்டோ எடுக்க இதில் ஒரு நிமிடமும் இல்லை. அப்படியென்றால் 12 மணி நேரத்தில் நமக்கு மிச்சம் ஒன்றரை மணி நேரம்தான். அதைக் கஞ்சத்தனமாகச் செலவழிக்க வேண்டும்.

என் தாளில் எழுதியிருந்தது இது:

காலை 6.30 – ஹார்ட்டன் கிராமம்
8.00 – பெனிகெண்ட் உச்சி (சுமார் 4 கி.மீ.)
11.00 – ரிபிள்ஹெட் (அங்கிருந்து 12 கி.மீ.)
1.15 – வெர்ன்சைட் உச்சி (6.5 கி.மீ.)
2.30 – சேப்பல்-லெ-டேல் (4.5 கி.மீ.)
4.15 – இங்கிள்பரோ உச்சி (4 கி.மீ.)
6.15 – மறுபடியும் ஹார்ட்டன் (7.5 கி.மீ.)

இதன் கீழே சிவப்பு மையில் இரண்டு வரி. ரிபிள்ஹெட்டை மதியம் 12-க்குள் தொடாவிட்டால் ரயில். சேப்பல்-லெ-டேலை 3.30-க்குள் தொடாவிட்டால் மூன்றாவது மலை இல்லை. இரண்டும் எனக்கு நானே போட்ட விதிகள். உங்கள் வேகத்துக்கு ஏற்ப நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் எழுதாமல் போகாதீர்கள்.

ரிபிள்ஹெட்டை நான் இவ்வளவு பிடித்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. வழியில் ரயில் நிலையம் உள்ள ஒரே இடம் அதுதான், அங்கிருந்து அடுத்த நிறுத்தமே ஹார்ட்டன். சேப்பல்-லெ-டேலில் சாலை இருக்கிறது, ரயில் இல்லை. அங்கே நின்றுவிட்டால் டாக்ஸிக்குப் போன் போட வேண்டும், அல்லது சாலையோரமாக ரிபிள்ஹெட்டுக்கு நடக்க வேண்டும். ரயில்கள் அடிக்கடி கிடையாது, ஞாயிறன்று இன்னும் குறைவு. அன்றைய அட்டவணையைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்கில் சிக்னல் கிடைக்காது.

பையில் என்ன

ஷூவில் ஆரம்பிப்போம், ஏனென்றால் என் முதல் தோல்வி அதில்தான். அதற்கு முந்தின வாரம் வாங்கிய புது பூட்ஸைப் போட்டுக்கொண்டு போனேன். "தண்ணீரே உள்ளே போகாது" என்று கடைக்காரர் சொன்னது உண்மைதான். கணுக்காலுக்கு மேல் சேற்றில் இறங்கியபோது மேல்பக்கமாகப் போன தண்ணீர் வெளியே வரவும் இல்லை. பத்தாவது கிலோமீட்டரில் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். குறைந்தது 80 கிலோமீட்டராவது நடந்து பழகிய ஷூ போதும். அது உயரமான பூட்ஸா, ட்ரெயில் ஷூவா என்பது இரண்டாவது விஷயம். கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடி, ஒன்று ரிபிள்ஹெட்டில் மாற்ற. விரல் இடுக்கிலும் தொடையிலும் வாசலைன். கேட்கச் சங்கடமாக இருக்கும், முப்பதாவது கிலோமீட்டரில் நன்றி சொல்வீர்கள்.

உடைக்கு ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். நனைந்தால் காயாது, கனக்கும், உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். வியர்வையை உலர்த்தும் சட்டை, ஒரு ஃப்ளீஸ், மழைக்கோட்டு, மழை பேன்ட். ஜூலையானாலும் தொப்பியும் மெல்லிய கையுறையும் பையில் இருக்கட்டும்.

தண்ணீர் மூன்று லிட்டர். ஓடைகள் தெளிவாகத் தெரிந்தாலும் மேலே எங்கும் ஆடுகள் மேய்கின்றன, அப்படியே குடிக்கக்கூடாது. ரிபிள்ஹெட் சாலையோரத்தில் டீ விற்கும் வண்டி நிற்பதுண்டு. நின்றால் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்ளுங்கள், அதை நம்பிச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள்.

சாப்பாட்டில் நம் ஆட்களுக்கு ஒரு வசதி: புளியோதரையைப் போல மலைக்கு ஏற்ற சாப்பாடு எந்தக் கடையிலும் கிடையாது. கெடாது, உப்பு இருக்கிறது, எண்ணெய் இருக்கிறது, ஆறிப்போனாலும் இறங்கும். ஒரே மூச்சில் சாப்பிடாமல் மூன்று சின்ன டப்பாக்களில் பிரித்து வையுங்கள். இடையிடையே கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், உப்பு போட்ட முந்திரி. மணிக்கு ஒரு தடவை, பசிக்கிறதோ இல்லையோ வாயில் ஏதாவது போடவேண்டும். தயிர்சாதம் மட்டும் வேண்டாம். வெர்ன்சைட் ஏறும்போது தூக்கம் சொக்கும்.

காகித வரைபடம் கட்டாயம். பிரிட்டனின் நிலவரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஓ.எல். 2 என்ற ஒரே தாளில் மூன்று மலைகளும் அடங்கிவிடும். கூடவே திசைகாட்டி, அதைப் பார்க்கத் தெரிந்திருக்கவும் வேண்டும். போனில் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்கள், பவர் பேங்க் எடுத்துக்கொள்ளுங்கள். ஹெட்லைட், விசில், கொப்புளப் பிளாஸ்டர், பளபளக்கும் அவசரப் போர்வை. கால் பிசகி உட்கார்ந்துவிட்டால், உதவி வரும்வரை குளிரிலிருந்து காப்பது அந்தப் போர்வைதான்.

தனியாகப் போவதற்கான ஏற்பாடு

யாராவது ஒருவரிடம் எழுத்தில் சொல்லிவிட்டுப் போங்கள். எங்கே ஆரம்பம், எந்த வரிசை, என்ன நிறச் சட்டை, எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் கவலைப்பட வேண்டும், யாரை அழைக்க வேண்டும். நான் பிராட்ஃபோர்டில் இருக்கும் அக்காவுக்கு அனுப்பினேன். இரவு எட்டு மணி என்று கெடு வைத்தேன்; திட்டப்படி முடிக்கும் நேரத்தைவிட ஒன்றே முக்கால் மணி நேரம் அதிகம். கெடுவை இறுக்கமாக வைத்தால் வீட்டில் இருப்பவருக்கு வீண் பதற்றம்.

அவசரத்துக்கு 999. முதலில் போலீஸ் என்று கேட்டு, பிறகு மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். பேசும் அளவுக்கு சிக்னல் இல்லாவிட்டாலும் குறுஞ்செய்தி போய்ச் சேரலாம். ஆனால் அதற்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999-க்கு அனுப்பி, திரும்பி வரும் செய்தியில் சொல்லும்படி செய்தால் போதும். இன்றைக்கே வீட்டில் உட்கார்ந்து செய்துவிடுங்கள். விசிலுக்கும் கணக்கு உண்டு: ஒரு நிமிடத்தில் ஆறு ஊதல், ஒரு நிமிடம் நிறுத்தம், மறுபடி ஆறு.

இந்தப் பகுதியில் மீட்புக்கு வருபவர்கள் 1935-ல் தொடங்கிய குகை மீட்பு அமைப்பினர், எல்லாரும் தன்னார்வலர்கள். மலைக்கு ஏன் குகை மீட்பு என்று தோன்றும். இந்த மலைகளின் அடிப்பகுதி சுண்ணாம்புக்கல். தண்ணீர் அரித்து அரித்து நிலத்தடி முழுக்கக் குழிகளும் குகைகளுமாக இருக்கிறது. பாதையை விட்டு விலகாதீர்கள் என்று சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெனிகெண்ட்

மூன்று மலைகளையும் இடஞ்சுழியாகச் சுற்றுவதுதான் பெரும்பாலோர் வழக்கம். ஹார்ட்டனில் தேவாலயத்தைத் தாண்டி பிராக்கன்பாட்டம் பண்ணை வழியாக ஏறுங்கள். கல் சுவரை ஒட்டியே பாதை போகும், வழி தவறாது. இந்த முதல் ஒரு மணி நேரத்தில் செய்யக்கூடிய பெரிய தப்பு வேகம். உடம்பில் தெம்பு இருக்கிறது, காலைக் காற்று இதமாக இருக்கிறது, முன்னால் போகிறவரை முந்தத் தோன்றும். மூக்கால் மூச்சுவிட்டபடி பேச முடிகிற வேகத்தைத் தாண்டாதீர்கள்.

மலையின் தோள்பகுதிக்கு வந்ததும் அது இரண்டு படியாக எழும். முதல் படி சுண்ணாம்புப் பாறை, இரண்டாவது அதைவிடக் கறுத்த மணற்பாறை. சில இடங்களில் கையையும் ஊன்ற வேண்டும். பயப்படும்படி ஒன்றும் இல்லை, ஈரமாக இருந்தால் மட்டும் நிதானம். ஏப்ரலில் போகிறவர்களுக்கு இந்தச் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் ஊதா நிற சாக்ஸிஃப்ரேஜ் பூ கண்ணில் படும்.

உச்சியில் நிலஅளவைத் தூணும், காற்றுக்கு ஒதுங்க வளைந்த கல் சுவரும் உண்டு. பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். சுவரைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது தூரத்தில் மற்ற இரண்டு மலைகளும் தெரியும். "அங்கேயா போகப் போகிறோம்" என்று வயிற்றைக் கலக்கும். கலக்கட்டும்.

இறக்கத்தின் அடியில் கவனம். பென்னைன் வே என்ற நீள்நடைப் பாதை இடதுபக்கம் திரும்பி, இருபுறமும் சுவர் உள்ள சந்து வழியாக ஹார்ட்டனுக்கே போய்விடும். நமக்கு நேராகப் போகவேண்டும், விட்பர் குன்றின் மேல். முன்னால் போகும் கூட்டத்தைப் பார்த்துப் போகாதீர்கள், அவர்கள் ஒரு மலையோடு முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களாக இருக்கலாம்.

யாரும் போட்டோ எடுக்காத பன்னிரண்டு கிலோமீட்டர்

இந்த நடையைத் தீர்மானிப்பது உச்சிகள் இல்லை, பெனிகெண்டுக்கும் ரிபிள்ஹெட்டுக்கும் இடையில் உள்ள இந்த நீட்டம்தான். குன்று ஏறி இறங்கி, ஆட்டு மேய்ச்சல் நிலம், வேலிக் கதவு, சுவர், மறுபடி வேலிக் கதவு. முன்பு வழி கறுப்புச் சேற்றின் நடுவே போனது. இப்போது விட்பர் பக்கமாக நல்ல பாதை இருப்பதால் முழங்கால் வரை புதைய வேண்டியதில்லை. ஆனாலும் அலுப்பு அலுப்புத்தான். வெர்ன்சைட் முன்னால் நீளமாகப் படுத்துக் கிடக்கும், எவ்வளவு நடந்தாலும் கிட்டே வராது.

இங்கேதான் நேரம் கசியும். முதல் தடவை எனக்கு இங்கே நாலேகால் மணி நேரம் ஆனது. கொப்புளம் ஒரு காரணம். இன்னொன்று, இது மலை இல்லையே என்ற அலட்சியத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து போனது. இரண்டாவது தடவை ஒரே விதி: ரிபிள்ஹெட் வரை உட்காருவதில்லை. தண்ணீர், கடலை மிட்டாய் எல்லாம் நடந்தபடியே. நீங்கள் திறந்த கேட்டை மூடிவிட்டுப் போங்கள், ஏப்ரல் மே மாதங்களில் குட்டி போட்ட ஆடுகளை விலகிப் போங்கள். காட்ஸ் பிரிட்ஜ் என்று வரைபடத்தில் ஒரு பெயர் வரும். கட்டிய பாலம் அல்ல, ஓடை சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் புகுந்து போவதால் பாறையே பாலமாகியிருக்கிறது. கவனிக்காமல் தாண்டிவிடுகிறவர்கள்தான் அதிகம்.

கடைசிப் பகுதி தார்ச்சாலை. வலதுபக்க ஓரமாக, எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி நடங்கள்.

ரிபிள்ஹெட்: முடிவெடுக்கும் இடம்

இருபத்துநாலு வளைவுகள், நானூறு மீட்டர் நீளம், முப்பத்திரண்டு மீட்டர் உயரம் என்று நிற்கும் அந்த ரயில் பாலத்தைப் பார்த்ததும் எல்லாம் மறந்துவிடும். 1870-ல் தொடங்கி 1874-ல் கட்டி முடித்தார்கள். இப்போது வெறும் புல்வெளியாக இருக்கும் இடத்தில் அன்று தொழிலாளர்களின் குடிசை ஊர்களே இருந்தன. விபத்திலும் நோயிலும் சுமார் நூறு பேர் இங்கே செத்தார்கள். சேப்பல்-லெ-டேல் தேவாலயத்தில் அவர்களுக்கு நினைவுக்கல் இருக்கிறது. இலங்கை மலையகத்தில் ரயில் பாதை போட்ட கதை தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

சரி, வேலைக்கு வருவோம். இருபது நிமிடம் உட்காருங்கள். சாக்ஸ் மாற்றுங்கள், முதல் டப்பாவைக் காலி செய்யுங்கள், அப்புறம் தாளை எடுத்துப் பாருங்கள். 12 மணிக்கு முன்பா? கால் சரியா? மேகம் உச்சியை மூடியிருக்கிறதா? நேரம் தவறியிருந்தாலோ, மற்ற இரண்டும் சாதகமாக இல்லாவிட்டாலோ ரயில் நிலையம் எதிரிலேயே இருக்கிறது. முதல் தடவை நான் பன்னிரண்டே முக்காலுக்கு வந்தேன். போனில் அக்கா கேட்டாள், "என்னடா, மலையா ரயிலா?" ரயில் என்றேன். அந்த நாளில் நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அது.

வெர்ன்சைட்

பாலத்தை ஒட்டிப் போய், தண்டவாளத்துக்கு வலதுபக்கமாகவே பிளே மூர் சிக்னல் நிலையம் வரை நடங்கள். அதைத் தாண்டியதும் ஒரு விநோதம்: ஓடையைத் தொட்டியில் ஏந்தி ரயிலுக்கு மேலே கடத்தும் கல் பாலம். அதன் மேல்தான் நாமும் கடக்கிறோம். இடதுபக்கம் ஃபோர்ஸ் கில் அருவி. பிறகு டென்ட் பக்கம் போகும் பாதையிலிருந்து இடதுபுறம் பிரிந்து, பலகைக்கல் பதித்த வழியில் மலை முதுகுக்கு ஏறவேண்டும். மூன்றில் உயரமானது இதுதான், ஆனால் ஏற்றம் இதமானது.

உச்சியில் சுவரின் மறுபக்கம் போனால்தான் தூண் தெரியும். வானம் தெளிந்திருந்தால் ஏரி மாவட்டத்து மலைகளும் மோர்கம் வளைகுடாக் கடலும் கண்ணுக்கு எட்டும்.

இறக்கம்தான் வில்லன். மலை முதுகில் தெற்கே கொஞ்ச தூரம் போய், இடதுபக்கம் புருன்ட்ஸ்கார் பண்ணை நோக்கி இறங்க வேண்டும். செங்குத்தான கல் படிகள், முட்டிக்கு அடி. ஊன்றுகோல் இருந்தால் இங்கே நீட்டிக்கொள்ளுங்கள், இல்லாதவர்கள் பக்கவாட்டில் சின்னச் சின்ன அடியாக வையுங்கள். மேலே இருந்து பார்க்கும்போது இங்கிள்பரோ நேர் எதிரே, நடுவில் ஆழமான பள்ளத்தாக்கு. முழுக்க இறங்கி முழுக்க ஏறணும் என்பது அப்போதுதான் உறைக்கும்.

இங்கிள்பரோ

சேப்பல்-லெ-டேலில் சாலையைக் கடந்து சதர்ஸ்கேல்ஸ் இயற்கைக் காப்பகத்துக்குள் நுழைந்தால் சுண்ணாம்புக்கல் தளம். யாரோ தரைக்குக் கல் பாவிவிட்டு இடையில் பூச மறந்தது போல, கட்டி கட்டியாகப் பாறை, நடுவே ஆழமான வெடிப்புகள். பனியாறு மேல்மண்ணை வழித்து எடுத்த பிறகு மழைநீர் அரித்து உண்டான வெடிப்புகள் அவை. குனிந்து பார்த்தால் உள்ளே நிழலில் பெரணிச் செடிகள் வளர்ந்திருக்கும். களைத்த கால் அந்த வெடிப்பில் போனால் கணுக்கால் போச்சு, பாதையிலேயே நடங்கள்.

அப்புறம் சதுப்பு மேல் போட்ட கல் பாதை, அதன் முடிவில் சுவர் போல நிற்கும் ஏற்றம். முப்பது கிலோமீட்டர் நடந்த காலோடு இந்தப் படிகளை ஏறுவதுதான் நாளின் மிகக் கடினமான அரை மணி நேரம். நான் இருபது படி, பத்து மூச்சு என்று எண்ணி ஏறினேன். ஏறுவதற்கு முன்பே, அடியிலேயே, ஏதாவது இனிப்பாகச் சாப்பிட்டுவிடுங்கள். பாதியில் சாப்பிட்டால் பலனில்லை.

உச்சி மைதானம் போலத் தட்டை. இரும்புக்காலக் கோட்டை மதிலின் மிச்சங்கள் விளிம்பில் கிடக்கின்றன. நான்கு திசைக் காற்றுக்கும் ஒதுங்க சிலுவை வடிவச் சுவர் ஒன்று இருக்கிறது. வெயில் நாளில் அழகு, மூடுபனியில் பொல்லாத இடம். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால், தவறான பக்கம் இறங்கி இங்கிள்டன் ஊருக்குப் போய்ச் சேருகிறவர்கள் உண்டு. தூணை அடைந்ததும் திசைகாட்டியை எடுங்கள். வந்த வழியிலேயே வடகிழக்கு மூலைக்குத் திரும்பி, விளிம்பிலிருந்து கொஞ்சம் இறங்கினால் பாதை பிரியும். இடது பக்கம் நாம் ஏறி வந்த வழி, வலது பக்கம் ஹார்ட்டன்.

ஹார்ட்டனுக்கு ஏழரை கிலோமீட்டர். இறக்கம்தானே என்று நினைத்தால் ஏமாற்றம். சல்பர் என்ற இடத்தின் பக்கம் மறுபடி சுண்ணாம்புக்கல், வழவழவென்று தேய்ந்த கற்கள், முடியாத ஒரு நீண்ட புல்வெளிப் பள்ளம். மலை விபத்துகளுக்கு இந்த மாதிரி நேரம் தோது: களைப்பு, முடிந்துவிட்டது என்ற நினைப்பு. நடுவில் ஒரு ஐந்து நிமிடம் நின்று கடைசி டப்பாவைச் சாப்பிட்டேன். அதுதான் கடைசி மூன்று கிலோமீட்டருக்கு ஓடியது.

இறங்கியதும்

பாதை ஹார்ட்டன் ரயில் நிலையத்தை ஒட்டி வந்து முடிகிறது. நான் 11 மணி 10 நிமிடத்தில், மாலை 5.40-க்கு வந்து சேர்ந்தேன். ஷூவைக் கழற்றினேன், நடைமேடையில் கால் நீட்டினேன், ரயில் வந்தது, ஏறியதும் தூங்கிவிட்டேன். பைக்குள் போன் அதிர்ந்து முழித்தபோது மணி எட்டு பத்து. "டேய், எட்டு மணின்னு தானே சொன்னே? 999 போட போனைக் கையில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்" என்றாள் அக்கா. இன்னும் ஐந்து நிமிடம் போயிருந்தால், லீட்ஸ் ரயிலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவனை மலையில் தேட ஆட்கள் கிளம்பியிருப்பார்கள்.

ஷூ லேஸை அவிழ்ப்பதற்கு முன்பே செய்தியை அனுப்பிவிடுங்கள்.